முன் சக்கரத்தைப் பாருங்க, மாப்பிள்ளை

ஞாயிறு காலை எட்டு மணி. துவாஸில் லாரி நிறுத்துமிடத்தில், டிரெய்லர் இழுக்கும் பிரைம் மூவருக்குள் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெர்த்திலிருந்து தங்கை வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். அங்கேயும் நம்ம சிங்கப்பூர் நேரம்தான், அதனால் நேரம் பார்க்காமல் கூப்பிடுவார்.

"மச்சான், கேரவன் வாங்கிட்டோம். மாட்டினதும் கார் பின்னால உக்காந்துடுச்சு. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் ஒண்ணு கூடவே வந்திருக்கு, எப்படிப் போடறது?"

கேரவன் என்பது கார் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடு. அவர் சொன்ன ஹிட்ச், வில்போல வளையும் இரண்டு இரும்புப் பார்களை (ஸ்பிரிங் பார்) சங்கிலியால் கேரவனோடு இழுத்து மாட்டி, காரின் பின்பக்கத்தில் விழும் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பங்கிடும் இணைப்பு. பின்னால் உட்கார்ந்ததை விடுங்கள், முன்னால் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று கேட்டேன். அவர் பார்க்கவே இல்லை.

நான் 22 வருஷமாகக் கன்டெய்னர் இழுக்கிறேன். எங்கள் வண்டியில் டிரெய்லரின் பாரம் பின் அச்சுகளுக்கு மேல், கொஞ்சம் முன்னால் தள்ளியே உட்காரும். முன் சக்கரத்துக்கும் அதில் பங்கு உண்டு. காரில் அப்படி இல்லை. கேரவனை மாட்டும் இரும்பு உருண்டையான டவ் பால் பம்பருக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பாரம் இறங்கினால், பின் அச்சு நெம்புகோலுக்கு முட்டுக்கொடுத்த கல்லாகிவிடும், மூக்கு தூக்கும்.

கணக்குப் போட்டே காட்டினேன். அவர் கேரவன் சாமானோடு 2,000 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 200 கிலோ, டவ் பாலின் மேல். பின் அச்சிலிருந்து டவ் பால் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவில் 2.85 மீட்டர். அப்படியானால் முன் சக்கரங்களிலிருந்து சுமார் 84 கிலோ காணாமல் போகும், பின் அச்சு 284 கிலோ கூடுதலாகச் சுமக்கும். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பாலான வேலையும் அதுதான் செய்கிறது. தங்கையும் பிள்ளைகளும் அந்த வண்டியில் போகப் போகிறார்கள்.

சரி, கேரவனைக் கழற்றிவிட்டு டேப் எடுங்க என்றேன். சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து முன் சக்கர வளைவின் விளிம்பு வரை அளந்தார்: 820 மில்லிமீட்டர். கேரவனை மாட்டி, ஸ்பிரிங் பார் போடாமல் அளந்தபோது 850. அந்த 30 மில்லிமீட்டரில் பாதியாவது இறங்க வேண்டும் என்று அவர் கார் கையேட்டில் இருந்தது. கையேட்டைப் பார்க்காமல் இதில் கை வைக்கக் கூடாது. சில கார்களுக்கு இந்த ஹிட்சே ஆகாது.

அடுத்தது கை போகிற வேலை. டவ் பாலைக் கவ்வும் கப்ளிங் பூட்டியபடியே, கேரவனின் மூக்கைத் தாங்கும் ஜாக்கி வீலின் கைப்பிடியைச் சுற்றிக் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்தினால், பார்கள் தளர்ந்து சங்கிலி லேசாக மாட்டும். உயர்த்தாமல் கடப்பாரை போல நெம்பினால், வில்லாக வளைந்த இரும்பு நழுவித் திருப்பி அடிக்கும். மாப்பிள்ளை நெம்பத்தான் போனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துச் சங்கிலிக் கண்ணிகளை ஏற்றி ஏற்றி மாட்டிவிட்டார். முன்பக்கம் 812. வெறும் காரைவிடத் தாழ்ந்துவிட்டது! அப்படி ஓட்டினால் பின் டயரில் பிடிப்பு குறைந்து, ஈரமான வளைவில் வால் வழுக்கும். இரண்டு பக்கமும் ஒரு கண்ணி இறக்கச் சொன்னேன். 833. போதும்.

அப்புறம் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன். டவ் பாலின் மேல் இருக்கும் 200 கிலோவை இந்தப் பார் குறைக்காது, அச்சுகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். டவ் பால் பொருத்தியிருக்கும் டவ் பாரின் தகட்டில் உள்ள எடை அளவை மீற இது அனுமதிச் சீட்டு இல்லை. கேரவனின் வாலில் கனமான சாமானை ஏற்றி, அது பாம்பாக ஆடினால், அதற்கும் இது மருந்தாகாது. கனமானதெல்லாம் கேரவனின் அச்சுக்குப் பக்கத்தில், தரையோடு இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடற்கரை ஊரான பஸ்ஸல்டனுக்குக் கிளம்பினார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பின பிறகு மறுபடி அளந்தீர்களா என்று கேட்டிருந்தேன். பதிலுக்குத் தங்கை ஒரு படம் அனுப்பினாள். சக்கர வளைவில் டேப், அதைப் பிடித்திருக்கும் மூத்தவனின் சின்ன விரல்கள். 834.