பன்னிரண்டு வெளியே, ஏழு உள்ளே

பஞ்சு வேஸ்ட் மாட்டிக்கொண்டது. ஆரம்பித்தது அங்கேதான்.

லிஃப்ட் ரோப்பைச் சோதிக்கும்போது பஞ்சு வேஸ்ட் என்கிற எண்ணெய்த் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் துணி சிக்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கீழ்ப்பாக்கத்தில் நான் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறார் சார், ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வா தம்பி, காத்து வாங்கிட்டு வரலாம்" என்று துறைமுகத்துக்குள் நிற்கும் தன் பாய்மரப் படகுக்குக் கூட்டிப்போனார். 28 அடி ஃபைபர் படகு, கொச்சியில் கைமாற்றி வாங்கியது. என் கை சும்மா இருக்குமா? பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி ஒன்றின் அடியில் வேஸ்ட்டை ஓட்டினேன். சிக்கியது. விலக்கிப் பார்த்தால் ஒரே ஒரு இழை, மீன்முள் மாதிரி.

"ஒண்ணுதானே" என்றார் சார்.

அந்த மரத்தை நிறுத்தி வைத்திருப்பது எட்டுக் கம்பிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்துக்கு மூன்று. சார் முன்பின் கம்பிகளை ஸ்டே, பக்கத்துக் கம்பிகளை ஷ்ரௌட் என்று பிரித்துச் சொல்வார். லிஃப்டில் நாலைந்து ரோப் சேர்ந்து, தூக்குகிற எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும். அத்தனையும் அறுந்தாலும் பெட்டியில் இருக்கும் சேஃப்டி கியர், பெட்டி ஓடுகிற ரெயிலைக் கவ்விப் பிடிக்கும். 1854ல் நியூயார்க்கில், அதைக் கண்டுபிடித்த ஓட்டிஸ் மேடையில் நின்றபடி கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியது இதைத்தான். பாய்மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காற்று வரும் பக்கத்துக் கம்பி போனால் மரம் மறுபக்கம் சாயும், அவ்வளவுதான்.

அந்தக் கம்பிகளுக்குக் குறைந்தது பதினாறு வயது. பத்திலிருந்து பதினைந்து வருடத்துக்குள் மாற்றிவிடுவது வழக்கம் என்று சாரே ஒப்புக்கொண்டார். இருந்தாலும் எட்டையும் மாற்ற மனசு வரவில்லை. நான் சிக்கின கம்பியை மட்டும் கழற்றி, பெரம்பூர் பட்டறைக்குக் கொண்டுபோய், அடிமுனையில் அழுத்திப் பொருத்தியிருந்த குழலைக் கிரைண்டரில் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே பளபள. உள்ளே வாய்ப்பக்கம் கால் அங்குலத்துக்கு டீத்தூள் நிறம். நகத்தால் நெம்பியதும் ஒரு இழை கையோடு வந்தது. அதே கம்பியின் மேல்முனையைப் பிளந்தேன், சுத்தமாக இருந்தது.

காரணம் எளிது. மேல்முனையின் வாய் கீழ்நோக்கி இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிடும். அடிமுனை கிண்ணம் மாதிரி மேலே பார்த்து நிற்கிறது. கம்பி வழியாக இறங்குகிற உப்புத் தண்ணீர் முழுக்க அதில்தான் தேங்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படியும் ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அது கீறினால் தானாக மறுபடி படியும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். குழலுக்குள் மூச்சு விட இடமில்லை. துணி ஓட்டி அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பிளந்த துண்டை சாரின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எட்டையும் மாற்ற ஒப்புக்கொண்டார்.

பாரிமுனையில் அலைந்தது தனிக் கதை. 6 மி.மீ. எஸ்எஸ் வயர் ரோப் என்றால் முதலில் எடுத்துப் போடுவது 7க்கு 19. ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை, நன்றாக வளையும். கப்பிமேல் ஓடுகிற கயிற்றுக்குச் சரி. நின்ற இடத்தில் நிற்கிற கம்பி வளையத் தேவையில்லை, நீளவும் கூடாது. அதற்கு 1க்கு 19 வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதன்மேல் பன்னிரண்டு. 6 மி.மீ.யில் ஒவ்வொரு இழையும் 1.2 மி.மீ. கனம். "அண்ணே, மாடிப்படி கைப்பிடிக்கா?" என்று கேட்டவர்தான் சரியான கடைக்காரர்! அடுத்த சிக்கல், ஸ்டெயின்லெஸில் மட்டமான 304 ரகத்தை 316 ரகம் என்று தலையில் கட்டுவது. காந்தம் வைத்துப் பார்ப்பதெல்லாம் வீண், இழுத்த கம்பி 316ஆக இருந்தாலும் லேசாக ஒட்டும். 316ல் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்துச் செய்கிற மாலி டெஸ்ட்டை என் கண் முன்னால் செய்யச் சொன்னேன். 70 மீட்டர் வாங்கினோம், பன்னிரண்டு கிலோ சொச்சம்.

முனைகளுக்கு அழுத்துகிற மெஷின் இல்லாததால் திருகிப் பூட்டுகிற வகையை சார் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். எனக்கு நிஜமாகவே பிடித்த வேலை அதுதான். முதலில் குழலைக் கம்பியில் கோத்துவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், நான் ஒருமுறை பிரித்தேன். வெளிப்பன்னிரண்டு இழைகளையும் முறுக்கு அவிழ்த்து, உள்ளே இருக்கும் ஏழின்மேல் ஒரு குட்டிக் கூம்பை நுழைத்து, பன்னிரண்டையும் அதன்மேல் பழையபடி படிய வைக்க வேண்டும். கூம்பில் ஒரு வெட்டு இருக்கும், இழை ஒன்று அதில் விழுந்தால் போச்சு. குழலை ஏற்றித் தலையைத் திருகினால் இழை நுனிகள் உள்நோக்கி மடங்கும். திறந்து பார்த்து, பன்னிரண்டும் பூ மாதிரி சமமாகக் குவிந்திருந்தால் சீலன்ட் நிரப்பி இறுக்க வேண்டியதுதான். முதல் முனைக்கு முக்கால் மணி நேரம் ஆனது, கடைசி முனைக்குப் பத்து நிமிடம்.

பின்கம்பியை வெட்டியதில் கோட்டை விட்டேன். பழைய குழலைவிடப் புதிய குழல் குட்டை என்பதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டியதில், கம்பி நான்கு விரல் பற்றவில்லை. சார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நல்லவேளையாக அதை இரண்டாக வெட்டிப் பக்கத்துக் குட்டைக் கம்பிகளுக்கு வைத்துக்கொண்டோம்.

மரத்தின்மேல் ஏறியது காசிமேட்டுத் தம்பி ஒருவன். நான் 84 கிலோ, அவன் 52. "இன்னொரு கயிறு இடுப்புல கட்டாம ஏற மாட்டேண்ணே" என்றான், அந்த நிமிடமே அவன்மேல் மரியாதை வந்தது. கடற்காற்று ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே தொடங்குவோம். ஒரே நேரத்தில் ஒரு கம்பிதான். கழற்றும் பக்கத்துக்குப் பாய் ஏற்றும் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் பின்னைத் தட்டுவோம். தூரத்தில் கப்பலை இழுக்கிற டக் படகு ஒன்று போனால் தளத்தில் எனக்குத் தெரிவது ஒரு சின்ன அசைவு. பத்து மீட்டர் உயரத்தில் அவன் ஊஞ்சலாடுவான். பல்லில் ஸ்ப்ளிட் பின்னைக் கடித்தபடி இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொள்வான்.

அவன் இறங்கும்வரை சார் பழைய கதை சொல்வார். இங்கே 1911ல் யாட் கிளப் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். போர்ட் டிரஸ்ட் தலைவர். அடுத்த வருடம் அவருடைய அலுவலகத்தில்தான் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நான் இழைகளை எண்ணிக்கொண்டே கேட்பேன்.

இறுக்கத்தை லிஃப்ட் ரோப் மாதிரி விரலால் சுண்டிப் பார்க்கப் போனேன். சார் சிரித்துவிட்டு, இரண்டு மீட்டர் மடக்கு ஸ்கேலை எடுத்து மேல்முனையைக் கம்பியோடு டேப்பால் ஒட்டினார். கம்பியை இறுக்குகிற டர்ன்பக்கிளைத் திருகத் திருக ஸ்கேலின் அடிநுனி கம்பியில் போட்ட குறியிலிருந்து விலகுகிறது. இரண்டு மீட்டரில் ஒரு மி.மீ. நீண்டால், அறுபடும் பளுவில் ஐந்து சதவீதம் ஏறியிருக்கிறது. கம்பி கனமோ மெலிசோ, கணக்கு ஒன்றுதான். பக்கத்துப் பெரிய கம்பிகளுக்கு மூன்று மி.மீ. வைத்தோம். எங்கள் கம்பி சுமார் மூன்று டன் தாங்கும், ஆக ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 450 கிலோ. எங்கள் ஊர் லிஃப்டில் ஆறு பேர் ஏறிய பாரம், காற்றே இல்லாதபோது!

போன ஞாயிறு பாய் விரித்தோம். படகு சாய்ந்ததும் காற்றுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பி லேசாகத் தளர்ந்தது, புதுக் கம்பி படிகிறது. திரும்பி வந்து அரைத் திருகு ஏற்றி, ஸ்ப்ளிட் பின் போட்டு, டேப் சுற்றினேன். சார் சுக்கானை விட்டு எழுந்து, ஒவ்வொரு கம்பியையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப சரி தம்பி" என்றார். "அப்புறம் நம்ம லிஃப்ட், மூணாவது மாடியில ஒரு இன்ச் தூக்கி நிக்குது. எப்ப வர்றே?"