டயாலிசிஸ் நாற்காலியில் கேட்ட பாமாலைகள்

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், பாலைவனத்துக்குள் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டயாலிசிஸ் நர்ஸாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். அரண்டா, லூரிச்சா, வார்ல்பிரி, பிட்ஜன்ஜாரா என்று பல மொழிக்காரர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்காருகிறவர்களோடு சும்மா இருக்க முடியுமா? பேரப்பிள்ளைகள், ஃபுட்டி மேட்ச், ஊர்ப்பக்கம் மழை பெய்ததா என்று பேச்சு போகும். அப்புறம் எப்படியும் சாமி விஷயத்துக்கு வந்துவிடும்.

நான் தரங்கம்பாடிப் பக்கத்து லூதரன் குடும்பத்தில், அதாவது மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய கரை அது. ஜெர்மன் மெட்டில் தமிழ்ப் பாமாலை பாடி வளர்ந்ததால், ஒரு ஆன்ட்டி முணுமுணுத்த மெட்டு எனக்கு உடனே பிடிபட்டது. (மூத்த பழங்குடிப் பெண்களை இங்கே எல்லோரும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம்.) ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்துவைத்த ரத்தக்குழாயில்) ஊசி ஏற்றும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். லூதரின் பழைய பாட்டு. வார்த்தைகள் மேற்கு அரண்டா. டேப் ஒட்டிக்கொண்டே நான் அடுத்த அடியைத் தமிழில் பாடினேன். அவர் கண்ணைத் திறந்து, "எங்க பாட்டு உனக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?" என்று கேட்டார். அன்று மெஷின் ஓடிமுடியும்வரை அவர் ஊர்க் கதையைச் சொன்னார்.

அவர் ஊர் ஆலிஸிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் உள்ள ந்தாரியா. வெள்ளைக்காரர்கள் ஹெர்மன்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். 1877இல் கெம்பே, ஷ்வார்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் ஃபிங்க் நதிக்கரையில் லூதரன் மிஷனைத் தொடங்கினார்கள்.

பாட்டு ஒன்றுதான். ஆனால் எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்றில்லை, இதை இங்கே வந்த பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். நம் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்டான், வரி பிடுங்கினான். ஆனாலும் நம் ஊர்களில் அவன் கூட்டமாகக் குடியேறி நம்மை விரட்டவில்லை. இங்கே நடந்தது குடியேற்றம். 1872இல் தந்திக் கம்பி பாலைவனத்தைக் கடந்தது. பின்னாலேயே மாட்டுப் பண்ணைகள் வந்தன. பழங்குடியினர் காலங்காலமாகக் காத்த நீர்நிலைகளை மாடுகள் மிதித்துப் பாழாக்கின. பசியில் மாட்டைக் கொன்றவர்களைத் தேடிப் போலீஸ் துப்பாக்கியோடு வந்தது. வில்ஷயர் என்ற போலீஸ்காரர் கொலைக் குற்றத்துக்காக 1891இல் விசாரிக்கப்பட்டு விடுதலையும் ஆனார். அந்தக் காலத்தில் மிஷனின் வேலிக்குள் இருந்தால் உயிர் தப்பலாம், மாவும் கிடைக்கும். உயிருக்குப் பயந்து உள்ளே வந்தவர்களுக்குத்தான் வேதம் சொல்லப்பட்டது. அதை மறந்துவிட்டு "சுவிசேஷம் பரவியது" என்று மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடுகிற அந்த ஆன்ட்டியை ஏமாந்தவர் என்று யாராவது சொன்னால் அதையும் என்னால் பொறுக்க முடியாது.

ஏனென்றால் அந்த வேதத்தைப் பாலைவனத்தில் கொண்டுபோனவர்கள் அவர்களே. மோசஸ் ஜல்கபோட்டா என்ற அரண்டா போதகர் பார்வை போன பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1894இல் வந்த கார்ல் ஸ்ட்ரெலோ பாதிரியார் புதிய ஏற்பாட்டை அரண்டாவில் ஆக்கியதற்குப் பின்னால் மோசஸைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. வலிக்கிற பக்கமும் உண்டு. மானங்கனங்கா என்ற குகையில் முன்னோரின் புனிதப் பொருட்கள் இருந்தன. பெண்களும் சிறுவர்களும் கிட்டேகூடப் போகக் கூடாத இடம். பின்னாளில் மிஷனை நடத்திய ஆல்பிரெக்ட் பாதிரியார் காலத்தில் அரண்டா கிறிஸ்தவர்களும் சேர்ந்தே அதை எல்லோருக்கும் திறந்துவிட்டு அங்கே ஆராதனை நடத்தினார்கள். சில நோயாளிகள் அந்த இடத்தின் பெயர் வந்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் துருவுவதில்லை.

1920களின் கடைசியில் கொடிய பஞ்சம். மிஷனில் ஏராளமான குழந்தைகள் இறந்தார்கள். கடைசியில் 1935இல், கபோரில்யா ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மெல்பர்னைச் சேர்ந்த பெண் ஓவியர்கள் இருவர் அதற்குப் பணம் திரட்டினார்கள். அந்த ஊற்று, அரண்டா மக்களுக்கு மழையின் புனிதத் தலம். அந்தத் தண்ணீர் வந்த நாளை ந்தாரியாவில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். ஆன்ட்டி இதைச் சொல்லும்போது மழை முன்னோரையும் கர்த்தரையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்குத்தான் அது இரண்டாகக் கேட்டது, அவருக்கு அப்படி இல்லை.

வேலையில் இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். யாராவது இறந்துவிட்டால் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ள உயிரோடிருப்பவரையும் அந்தப் பெயரால் கூப்பிடக் கூடாது. குமஞ்சாய் என்ற பொதுப்பெயர்தான். டயாலிசிஸில் இது சாதாரண விஷயமில்லை. ஊசியைத் தொடும் முன் நோயாளியின் வாயால் பெயரும் பிறந்த தேதியும் சொல்ல வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பெயரைச் சொல்ல முடியாதவரிடம் பிறந்த தேதியையும் ஊரையும் கேட்டு, கைப்பட்டையில் உள்ள எண்ணைச் சார்ட்டோடு ஒப்பிட்டுக்கொள்வோம். வெயிட்டிங் ஹாலில் பெயரை உரக்கக் கூப்பிடாமல் பக்கத்தில் போய்த் தோளைத் தொடுவோம். இப்படி மறைக்கப்படுகிற பெயர்களில் பல பைபிள் பெயர்கள்! ஞானஸ்நானத்தில் வந்த பெயர், முன்னோர் வகுத்த முறைக்குக் கட்டுப்படுகிறது.

ஒரு பெரியவர் சிகிச்சையின்போதே இறந்துபோனார். மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. குடும்பத்தார் ஈமு புஷ் என்ற செடியின் பச்சைத் தழையைத் தகர டின்னில் போட்டுப் புகைக்க வேண்டும் என்றார்கள். ஆவி நிம்மதியாகப் போக வேண்டும், இருப்பவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஆக்சிஜன் குழாய்களை மூடி, தீ அலாரத்தை நிறுத்திவைக்க ஆள் வரவழைத்து, நோயாளிகளை வெளியே அனுப்பினோம். புகை அறை முழுக்கச் சுற்றியது. அது அடங்கியதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்டர் நாற்காலியின் கைப்பிடியில் கைவைத்து ஜெபம் செய்தார். மதியம் அந்த நாற்காலியில் அடுத்த நோயாளி தயங்காமல் உட்கார்ந்தார்.

இவர்களிடம் அட்மிஷன் ஃபார்மில் மதம் என்னவென்று கேட்டால் லூதரன் என்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பழங்குடி மரபுச் சமயம் என்று எழுதுகிறவர்கள் அந்த மக்களிலேயே ஒரு சதவீத அளவுதான். அதை வைத்துப் பழையது செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் அந்தப் புகையைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாற்றம் இன்னொரு பக்கமும் வேகமாக நடக்கிறது. 1971இல் ஆஸ்திரேலியர்களில் 86 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், 2021இல் 43.9 சதவீதம். மிஷனரிகளை அனுப்பிய சமூகம் கோயிலை விட்டு வெளியேறுகிறது. பாலைவனத்துப் பாட்டிகளோ 2015இல் ஜெர்மனிக்கே போய், அவர்கள் தந்த பாமாலைகளைத் தங்கள் மொழியில் பாடிவிட்டு வந்தார்கள். பழங்குடி இளைஞர்களிலும் சர்ச்சுக்குப் போகாதவர்கள் அதிகம். ஆன்ட்டியின் பேரன் பாட்டியைக் கொண்டுவந்து விட வருவானே தவிர ஞாயிறு ஆராதனைக்குப் போக மாட்டான். கோடையில் சில வாரம் காணாமல் போவான். ஆண்களின் சடங்கு. பெண்ணாகிய நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

என் அனுபவத்தில் இவர்களை வாட்டுவது எந்தச் சாமி என்ற கேள்வியே இல்லை. சொந்த நிலத்தை விட்டு நகரத்தில் கிடப்பதுதான். சிறுநீரகம் போனால் மெஷின் இருக்கும் ஊருக்கு வந்தாக வேண்டும். முன்னோர் உறையும் மலையும் நீர்நிலையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். ஜெபத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள். மேற்குப் பாலைவனத்தில் உள்ள கின்டோர் பகுதியின் பழங்குடி ஓவியர்கள் தங்கள் நிலத்தின் முன்னோர் கதைகளைப் பெரிய ஓவியங்களாக வரைந்து, 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதிலிருந்து, சொந்த ஊரிலேயே டயாலிசிஸ் கொடுக்கும் பர்ப்பிள் ஹவுஸ் என்ற அமைப்பு பிறந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. இன்று ந்தாரியாவிலும் மெஷின் இருக்கிறது. ஆனால் இடம் கொஞ்சம், காத்திருப்பவர்கள் அதிகம்.

இங்கே வேலைக்கு வரும் நம்மூர் நர்ஸுகள் என்னிடம் முதலில் கேட்பது வெயிலைப் பற்றி. நான் சாவுச் சடங்கைப் பற்றிச் சொல்வேன். உறவினர்கள் வெகுதூரத்திலிருந்து வரவேண்டியிருப்பதால், இறந்து சில வாரம் கழித்துக்கூட அடக்கம் நடக்கும். அடக்கத்துக்குப் போகும் நோயாளி அன்று டயாலிசிஸுக்கு வரவே மாட்டார். உப்பும் தண்ணீரும் ஏறி மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் வந்த பிறகு "ஏன் வரவில்லை?" என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. அடக்கத் தேதியை முன்கூட்டியே கேட்டு, முந்தின நாளே ஒரு ஷிப்ட் ஒதுக்கி, ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்து அனுப்புங்கள். திரும்பி வரும் நாளுக்கும் நாற்காலியைப் பிடித்து வையுங்கள்.