கிளட்ச் தேடும் கை

வண்டியை எடுத்த அன்று கடை வாசலிலேயே விழப் பார்த்தேன். மதுரையில் பதினைந்து வருடம் ஸ்பிளெண்டர் ஓட்டியவன், சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலும் காலை ஊன்றாமல் ஊர்ந்து வந்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. தைவானின் சின்ச்சு நகரத்தில், கியர் இல்லாத புத்தம் புதிய 125 சிசி ஸ்கூட்டரில் ஏறிப் பத்தடி போயிருப்பேன். எதிரே ஒரு பாட்டி காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுமே இடது கை தன்பாட்டுக்குக் கிளட்சை முழுதாகப் பிடித்தது. அங்கே ஏது கிளட்ச்? அந்தப் பிடியை அழுத்தினால் முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் சேர்ந்து விழும் ஏற்பாடு. வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. மார்பு ஹேண்டில்பாரில் மோத, ஒரு காலை நீட்டித் தாங்கிக்கொண்டேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். கடைக்காரர் கைகளைப் பின்னால் கட்டியபடி தலையை மட்டும் அசைத்தார். உரிமம் வைத்திருப்பவன்தானா இவன் என்ற சந்தேகம் அந்த அசைவில் இருந்தது.

உரிமம் வைத்திருந்தேன். அதை வாங்கியது தனிக் கதை.

நாங்கள் இங்கே வந்தது 2023 செப்டம்பரில். எனக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை. சின்ச்சுவுக்கு மெட்ரோ கிடையாது. பஸ் உண்டு, அது மனம் வைத்தபோது வரும். 2 கோடியே 30 லட்சம் பேர் வாழும் இந்தத் தீவில் 1 கோடியே 40 லட்சம் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. வண்டி இல்லாதவன் இங்கே குழந்தைக்கும் மிகவும் வயதானவருக்கும் சமம். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பித்தேன்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது. 50 கேள்விகள், 85 மதிப்பெண் வேண்டும். அதில் தேறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனையில் கண், நிறம் பிரித்தறிதல் எல்லாம் பார்த்துவிட்டு, குந்தி எழுந்திருக்கச் சொன்னார்கள். அதற்கும் மதுரை உடம்பு ஈடுகொடுத்தது. கவிழ்த்தது ஓட்டிக் காட்டும் தேர்வு, அதிலும் முதல் பகுதி. ஹேண்டில்பாரைவிடக் குறுகலான ஒரு நேர்கோட்டுப் பாதை, நீளம் 15 மீட்டர். அதைக் கடக்க ஏழு விநாடிக்குக் குறையக்கூடாது. வேகமாகப் போய்க் காட்டு என்றால் யாரும் போய்விடுவார்கள், மெதுவாகப் போய்க் காட்டு என்பதுதான் சோதனை. காலை ஊன்றினால் தோல்வி, கோட்டைத் தொட்டால் தோல்வி.

ஸ்பிளெண்டராக இருந்தால் பாதிக் கிளட்சில் ஏழு என்ன, பதினேழு விநாடி எடுத்துக்கொள்வேன். இந்த வண்டியோ ஆக்சிலரேட்டரை மூடினால் தள்ளாடும், திறந்தால் தாவும். நான்காவது விநாடியில் இடது கை கிளட்சைத் தேடியது. கால் தரையில் இருந்தது. அடுத்த வாரம் வாருங்கள் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பதினெட்டு வயதுப் பெண், தெருவில் பூனை நடப்பதைப் போல நிதானமாகப் போய் முடித்தாள்.

தேர்வு நடத்தும் அலுவலகம் இருப்பது சின்பு என்ற சிற்றூர்ப் பக்கம். அக்டோபரில் தொடங்கும் வறண்ட வடகிழக்குக் காற்றில் அங்கே பெர்சிமன் பழங்களைத் தோலுரித்து, பெரிய வட்டத் தட்டுகளில் காயவைப்பார்கள். நான் தோற்றதும் அந்தப் பருவத்தில்தான். திரும்பும் வழியெங்கும் ஆரஞ்சு நிறம். நம் ஊர் மொட்டைமாடி வடாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு இருந்த எரிச்சலில் எதுவும் வரவில்லை. மறுவாரம் கிளட்ச் நினைப்பை விட்டுவிட்டு, பின் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே போனேன். தேறினேன். இந்த நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆய்வகத்து வியட்நாம் மாணவன்.

வண்டி 80 ஆயிரம் தைவான் டாலரைத் தொட்டது. நம் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல். கேட்டதும் அப்பா போனில் சிறிது நேரம் பேசவே இல்லை. நான் எடுத்தது சான்யாங் நிறுவனத்தின் எஸ்ஒய்எம். 1954இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஆலை எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஹூகோவில் இருக்கிறது. ஹோண்டாவோடு நெடுங்காலம் கூட்டு வைத்திருந்து பிறகு பிரிந்தவர்கள். நம் ஹீரோவும் அப்படித்தானே? 1984இல் சேர்ந்து, 2010இல் முறித்துக்கொண்டார்கள். ஆக, என் பழைய வண்டியும் புதிய வண்டியும் ஒருவகையில் பங்காளிகள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், மைலேஜ் என்ன கொடுக்கிறது?" என்றார். நாற்பது என்றேன். "ஸ்பிளெண்டர் எழுபது கொடுத்ததப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நம்பர் பலகையில் வேறொரு வேடிக்கை. இங்கே புதிய பலகைகளில் 4 என்ற எண்ணே வராது. சீன மொழியில் நான்கும் சாவும் ஏறத்தாழ ஒரே ஒலி. நம் ஆட்கள் மட்டும் இளைத்தவர்களா? என் மனைவி பலகையைப் பார்த்ததும் இலக்கங்களைக் கூட்டினாள். "எட்டு வருகிறதே, சனி எண் ஆயிற்றே" என்று முகம் சுளித்தாள். கடைக்காரரோ விரல்களை மடக்கி எட்டு என்று காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். இவர்களுக்கு எட்டு செல்வம் கொழிக்கும் எண். எந்த ஊர் நம்பிக்கை இந்த வண்டிக்குச் செல்லும் என்று கேட்டேன். "ஓடுவது இங்கேதானே, இவர்கள் கணக்கையே வைத்துக்கொள்வோம்" என்றாள். ஆனாலும் எலுமிச்சம்பழத்தை விடவில்லை. இங்கத்துப் பழம் பெரிது, தோல் தடிப்பு. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதன் மேல் ஏற மறுத்தது. பழம் வழுக்கிக் கடைக்குள் உருண்டு ஓடியது. கடைக்காரர் அதை எடுத்துத் துடைத்து மரியாதையோடு திருப்பித் தந்தார். பிறகு உள்ளே போய், நகரக் காவல் தெய்வத்தின் கோயிலிலிருந்து வாங்கிவந்திருந்த சிவப்புத் துணிப்பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடித் தண்டில் கட்டினார். அது 1748இல் கட்டிய கோயில். இன்றும் அந்தப் பொட்டலம் தொங்குகிறது. பழத்தை ரசம் வைத்துவிட்டோம்.

சாலையில் வலதுபக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிட்டது. பழகாதது இடப்புறம் திரும்புவது. கோரிப்பாளையத்தில் திரும்ப வேண்டுமென்றால் கையை நீட்டி, முன்சக்கரத்தை நுழைத்து, மற்றவன் நிற்பான் என்ற நம்பிக்கையில் போய்விடுவோம். இங்கே பெரிய சந்திப்புகளில் ஸ்கூட்டர்கள் இரண்டு தவணையில்தான் திரும்ப வேண்டும். பச்சை விழுந்ததும் நேராகச் சந்திப்பைக் கடந்து, வலது மூலையில் வெள்ளைக் கோட்டால் போட்ட கட்டத்துக்குள் நிற்க வேண்டும். வண்டியின் முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்வரை காத்திருந்து, பிறகு போக வேண்டும். முதல் வாரம் அந்தக் கட்டத்தில் நிற்கும்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. குறுக்குச் சாலையில் நிற்கும் கார்கள் அத்தனையும் என் முதுகையே பார்ப்பதாக ஒரு நினைப்பு.

பிறகு அந்தக் கட்டம் எனக்குப் பிடித்துப்போனது. குவாங்ஃபூ சாலையில் காலை எட்டரைக்கு அதில் இருபது வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். காற்றும் வெயிலும் படாமலிருக்க மேலங்கியை முன்பின்னாகத் திருப்பி மாட்டியவர்கள் பாதிப் பேர். எனக்கு அது முதலில் கேலியாகத் தெரிந்தது, டிசம்பரில் நானும் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் பக்கத்து வண்டியில் கால்வைக்கும் பலகை மேல் சடைநாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. விளக்கு மாறும்வரை அது என் செருப்பை மோந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட ஹார்ன் அடிக்கவில்லை. ஊரில் ஹார்ன் என்பது 'நான் வருகிறேன்' என்று சொல்லும் பேச்சு. இங்கே அடித்தால் திட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளும் முன் எத்தனை பேரைத் திட்டினேனோ.

பெட்ரோல் பங்கில்தான் ஊர் வந்து நின்றது. 92, 95, 98 என்று மூன்று வகை உண்டு. நம் வண்டிக்கு 92 போதும். "ஜியூ அர், ஜியா மான்" என்றேன், 92 நிரப்புங்கள் என்று பொருள். குழாயைச் செருகும் முன் ஊழியர் மீட்டரைக் காட்டி ஏதோ சொன்னார். ஆய்வகத்தில் வந்து கேட்டேன். "சுழியத்திலிருந்து தொடங்குகிறேன்" என்றாராம். மாட்டுத்தாவணி பங்கில் காலமெல்லாம் கேட்ட "சார், ஜீரோ பாருங்கள்" அதேதான்!

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இங்கே ஓட்டுபவரோடு ஒருவர்தான் ஏறலாம். மதுரையில் மகள் முன்னால் நின்றுகொள்வாள், மனைவி பின்னால், நடுவில் நான். ஒரே வண்டியில் ஒரு குடும்பமே கோயிலுக்குப் போய்வரும். அது ஆபத்து என்பதும் தெரியும். தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகும் வண்டி எனக்கு அரைவண்டியாகத்தான் பட்டது.

மனைவிதான் முடிவு கட்டினாள். அவளும் தேர்வுக்குப் போனாள். ஊரில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டியவள், கிளட்சையே தொட்டதில்லை. அந்த 15 மீட்டரை எட்டே கால் விநாடியில் முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இதற்கா இரண்டு தடவை போனீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

போன ஞாயிறு நான்லியாவ் மீன்துறைக்குப் போனோம். மகளை ஏற்றிக்கொண்டு மனைவி எங்கள் வண்டியில் வந்தாள். நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சந்திப்பில் பஸ் நின்றபோது, வலது மூலையில் வெள்ளைக் கட்டத்துக்குள் அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். மகள் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். பச்சை விழுந்தது, வண்டி இடப்பக்கம் திரும்பிப் போயிற்று. பஸ் அடுத்த நிறுத்தத்துக்காக பிரேக் போட்டபோது கம்பியில் இருந்த என் இடது கை கிளட்சைப் பிடித்தது.