பட்டியில் பொழுதுபோக்கு: ஆடுகளுக்கான விளையாட்டுச் சாமான்கள், ஒரு நாட்குறிப்பு

மார்ச் 2

பட்டியில் மூன்று உருப்படி: கொம்புள்ள செவலைப் பெட்டை, கொம்பு நீக்கிய வெள்ளைப் பெட்டை, காயடித்த கருப்புக் கிடா. வேலி உயரம் 120 செ.மீ.

வேலிக் கம்பத்தைக் கரம்புவது, தாழ்ப்பாளை உதட்டால் நெம்புவது, தீவன நேரம் இல்லாதபோதும் கத்துவது, சும்மா நிற்கும் ஆட்டை வலியப் போய் முட்டுவது. எல்லாம் பொழுது போகாத ஆடு பார்க்கிற வேலைகள்தான். அதற்காக உடனே பந்து வாங்க ஓட வேண்டாம். மரத்தைக் கரம்பும் ஆட்டுக்கு நார்த்தீனி போதாமல் இருக்கலாம், தாது உப்புக் கட்டி தீர்ந்திருக்கலாம். சதா உரசிக்கொண்டிருக்கும் ஆட்டுக்குப் பேன் இருக்கலாம். முதுகு மயிரைப் பிரித்துத் தோலைப் பார்த்துவிட்டு, உலர்தீவனத் தொட்டி எத்தனை நேரம் காலியாகக் கிடக்கிறது என்றும் கவனித்த பிறகே அடுத்த வேலை. தனியாக வளரும் ஒற்றை ஆட்டுக்கு எந்தச் சாமானும் ஈடு இல்லை. அதற்கு முதலில் இன்னொரு ஆடுதான் வேண்டும்.

கழுத்துப் பட்டை, மணி எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ஏறி இறங்கும் சாமான் உள்ள பட்டியில் பட்டை எங்காவது மாட்டினால் ஆடு தொங்கிவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய பிளாஸ்டிக் சங்கிலிப் பட்டை மட்டும்.

மார்ச் 3

தழையிலிருந்து தொடக்கம். மாடு போலக் குனிந்து புல்லை மட்டும் மேய்ந்து திருப்திப்படும் பிராணி இல்லை இது. தலைக்கு மேலே இருப்பதை எட்டிப் பறித்துத் தின்னத்தான் அதன் உடம்பே அமைந்திருக்கிறது. தரையில் போட்ட தழைக்கட்டு மிதிபட்டு, மூத்திரம் பட்டு, பாதி வீணாகும். அதே கட்டைத் தொங்கவிட்டால் நெடுநேரம் வேலை.

ஒரு கட்டு ஒன்றரைக் கிலோவுக்குள் இருந்தால் போதும். தடித்த காம்புப் பக்கத்தை இறுக்கிக் கட்டி, இலை நுனி கீழே வரும்படி தொங்கல். நுனி தரையிலிருந்து 120 முதல் 140 செ.மீ.; நடுத்தர உயர ஆடு பின்னங்காலில் எழும்பினால் எட்டும். மூன்று ஆட்டுக்கு நான்கு கட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே 2 மீட்டருக்குக் குறையாத இடைவெளி. நெருக்கமாகக் கட்டினால் செவலை நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் காவல் இருக்கும், மற்ற இரண்டும் வேடிக்கைதான் பார்க்கும்.

கயிறு பருத்திக் கயிறு, ஒற்றைச் சரம். வளையம் போல எங்கும் தொங்கக் கூடாது. கயிற்றை 40 செ.மீ. நீளக் குழாய்க்குள் கோத்துவிட்டால் கொம்பிலோ கழுத்திலோ சுற்றாது. நைலான் கயிறும் வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் சணலும் பட்டிக்குள்ளேயே வேண்டாம். மென்று விழுங்கிய இழை, நான்கு அறை கொண்ட ஆட்டு வயிற்றின் முதல் அறையில் பந்தாகத் திரண்டு அங்கேயே தங்கிவிடும்.

தழை எது என்பதில் விளையாட்டே கூடாது. மல்பெரி, மூங்கில் இலை, செம்பருத்தி எல்லாம் சரி. அரளி, ரோடோடென்ட்ரான், அவகாடோ இலை, யூ மரம் ஆகியவை விஷம். செர்ரி, பிளம் மர இலை வாடும்போது சயனைடு உண்டாகும். தோட்டத்தில் வெட்டிப்போட்ட அழகுச்செடிக் கிளைகளை அடையாளம் தெரியாமல் அள்ளிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வம்பாகிறது.

நிறைசினை ஆடு இருந்தால் கட்டை இறக்கிவிட வேண்டும். பின்னங்காலில் அது நிற்க வேண்டியதில்லை.

மார்ச் 6

மின்கம்பி சுற்றி வரும் மர உருளை ஒன்று, விட்டம் 90 செ.மீ., உயரம் 60 செ.மீ. ஆடு ஏற இதைவிடத் தோதான பொருள் கிடைப்பது அரிது. ஆனால் அப்படியே உருட்டிவந்து போட்டால் ஆபத்து நடுவில் இருக்கிறது: அச்சுத் துளை. ஆடு குதித்து ஏறும்போது கால் அதற்குள் போய், உடம்பு திரும்பினால் எலும்பு முறியும். 18 மி.மீ. பிளைவுட் வட்டம் வெட்டி, மேல்துளையை மூடித் திருகாணி போட்டாயிற்று. தலைகள் மரத்துக்குள் அமிழ வேண்டும். பழைய ஆணி, ஸ்டேப்பிள் முள் எதுவும் மிச்சமில்லாமல் கையால் தடவிப் பார்ப்பது உத்தமம், கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டுப்படும்.

மரம் எந்த மருந்தில் ஊறியது என்று தெரிய வேண்டும். ஆர்செனிக் கலந்த பழைய மருந்து மரம், தார் எண்ணெய் பூசிய ரயில் கட்டை, ஈயம் கலந்த பழைய பெயிண்ட் மூன்றும் தள்ளுபடி, ஏனென்றால் ஆடு எதையும் கரம்பும். சரக்குப் பலகை என்றால் முத்திரையைப் பார்க்கலாம்: எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றியது, ஏற்கலாம், எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, வேண்டாம். பலகை இடைவெளிகளையும் மூட வேண்டும், குளம்பு சிக்கும்.

மேற்பரப்பில் சொரசொரப்பான கூரை அட்டையை ஒட்டி ஆணி அடித்தது. மழையில் வழுக்காது, ஏறி இறங்க ஏறி இறங்கக் குளம்பும் கொஞ்சம் தேயும். அதை நம்பி 6 முதல் 8 வாரத்துக்கொரு முறை குளம்பு வெட்டுவதை விட்டுவிட முடியாது.

இடம்தான் முக்கியம். 60 செ.மீ. உருளை மேல் நிற்கும் ஆட்டுக்கு 120 செ.மீ. வேலி பாதி உயரமாகிவிடுகிறது. வேலியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி வைத்து, அடியில் 15 செ.மீ. பள்ளம் தோண்டி இறக்கினால் ஆடாது. ஆடும் மேடையில் ஆடு ஒருமுறை ஏறும், மறுமுறை யோசிக்கும்.

மார்ச் 9

எதிர்பார்த்ததுதான். செவலை உருளை உச்சியில் படுத்து அசைபோடுகிறது, வெள்ளை முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்ததும் மோவாயை உள்ளே இழுத்து, கொம்பை ஓர் அங்குலம் தாழ்த்துகிறது. அவ்வளவே. வெள்ளை இறங்கிவிடுகிறது. முட்டலே இல்லை, ஆனால் நாள் முழுக்க ஓர் ஆட்டுக்கு மேடை கிடையாது.

ஒற்றை மேடை சண்டையைத்தான் வளர்க்கும். 30, 60, 90 செ.மீ. என்று மூன்று உயரங்களில் இடம் வேண்டும், மொத்த இடங்கள் ஆடுகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது கூட இருக்க வேண்டும், ஒவ்வொரு மேடையிலிருந்தும் இறங்க இரண்டு வழி வேண்டும். முட்டுச்சந்து அமைப்பில்தான் வலுவில்லாத ஆடு விலா எலும்பில் இடி வாங்கும். இணைக்கும் பலகை 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன். சாய்வுப் பலகையில் 20 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். சாய்வு 30 டிகிரியைத் தாண்டினால் ஏறிவிடும், இறங்கும்போதுதான் தடுமாறும்.

மார்ச் 13

டயர். பாதி புதைத்து நிறுத்தலாம், படுக்கவைத்து மண் நிரப்பலாம். மண் நிரப்பாத டயரில் தண்ணீர் தேங்கி கொசு பிடிக்கும், அடியில் துளை போட்டாலும் சேற்றில் அடைபடும்.

நிறுத்தும் டயரில் பார்க்க வேண்டியது விட்டம். காரின் சிறிய டயர் நடுவே கொம்புள்ள ஆட்டின் தலை நுழையும், பின்னால் எடுக்கும்போது கொம்பு உள்விளிம்பில் மாட்டும். உள்வட்டம் 60 செ.மீ.க்கு மேல் உள்ள டிராக்டர் டயர் என்றால் ஆடு முழுசாகவே நுழைந்து போகும். வேலிக்கும் இதே கணக்குதான்: 10 செ.மீ. சதுரக் கண்ணில் தலை நுழையாது, 30 செ.மீ. கண்ணில் நுழைந்தாலும் திரும்ப வந்துவிடும், இடையே உள்ள 15 செ.மீ. கண்தான் பொறி. பட்டிக்குள் வைக்கும் எந்தப் பொருளின் ஓட்டையையும் இப்படித்தான் அளக்க வேண்டும்.

ரப்பர் தேய்ந்து எஃகுக் கம்பி எட்டிப் பார்க்கும் டயர் வேண்டவே வேண்டாம்.

புதைத்து முடித்ததும் கிடா நாலடி தள்ளி நின்று மூக்கைச் சுருக்கி ஒரு தும்மல் விட்டது. சளி இல்லை, எச்சரிக்கைச் சத்தம். மற்ற இரண்டும் தீனியை விட்டுத் தலைதூக்கின. புதுப்பொருளை ஆடு உடனே நம்பாது. பிடித்து இழுத்துப்போய்க் காட்டினால் அந்தப் பயம் நிலைத்துவிடும். பக்கத்தில் கொஞ்சம் தழையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழி.

மார்ச் 17

தெரு கூட்டும் முரட்டுத் துடைப்பத்தின் தலை இரண்டு. ஒன்று கம்பத்தில் செங்குத்தாக, நடு உயரம் 60 செ.மீ., விலாவுக்கும் கழுத்துக்கும். இன்னொன்று படுக்கைவாட்டில், முட்கள் கீழ்நோக்கி, முதுகு மட்டத்துக்கு இரண்டு விரல் தாழ்வாக. நிறுவிய சாமான்களிலேயே செலவு குறைவு, பயன் அதிகம் இதுதான். வெள்ளை கண்ணைப் பாதி மூடி, மேலுதட்டைத் துடிக்கவிட்டு, கழுத்தடியை அதில் தேய்த்துக்கொண்டே நிற்கிறது.

திருகாணி போதாது, தடித்த வாஷரோடு போல்ட் போட வேண்டும். உரசும் ஆடு முழு எடையையும் சாய்க்கும். பிளாஸ்டிக் முட்களைப் பிடுங்கித் தின்னும் ஆடு இருந்தால் நார் முட்களுக்கு மாற்றலாம். திடீரென்று நாள் முழுக்க ஒரே ஆடு அதையே சுற்றினால் பேன், சொறி இரண்டையும் தேட வேண்டும். பிரஷ் அதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்பவும் செய்யும்.

மார்ச் 21

தீனிப் புதிர். 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 60 செ.மீ. நீளம், இரு முனையிலும் மூடி. பக்கங்களில் 25 மி.மீ. துளை எட்டு, விளிம்பை அரம் போட்டு மழுக்க வேண்டும், ஆட்டின் உதடு மெல்லியது. நடு அச்சில் கம்பி நுழைத்து, 70 செ.மீ. உயரத்தில் படுக்கையாக மாட்டினால் மூக்கால் தள்ளத் தள்ளச் சுழன்று, உள்ளே போட்ட சிறு குச்சித் தீவனம் (பெல்லட்) ஒவ்வொன்றாக உதிரும்.

துளை அதிகமானால் ஒரு நிமிடத்தில் காலி. குறைவானால் ஆடு இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கொம்பால் உடைக்கப் போகும். முதலில் எட்டையும் திறந்து வைத்து, சூட்சுமம் பிடிபட்டதும் நான்கைத் தகடு வைத்து அடைப்பது சரியாக வரும்.

பிடிபடாமல் போகாது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாயால் கயிற்றை இழுத்து, பிறகு நெம்புகோலை உயர்த்தினால்தான் தீனி விழும் பெட்டியை 12 ஆடுகளிடம் கொடுத்தார்கள். 9 ஆடுகள் கற்றுக்கொண்டன, 10 மாதம் கழித்தும் மறக்கவில்லை. ஜெர்மனியில் குள்ள ஆடுகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யம்: பக்கத்திலேயே சும்மா குடிக்கத் தண்ணீர் இருந்தும், பொத்தானை மூக்கால் அழுத்திப் பெறும் தண்ணீரை அவை விட்டுவிடவில்லை.

உள்ளே போடுவது உலர்தீவனக் குச்சி. தானியம் வேண்டாம். தானியம் மிஞ்சினால் வயிற்றில் அமிலம் ஏறும், உப்புசம் வரும். அதிலும் காயடித்த கிடாவுக்குப் பாஸ்பரஸ் மிகுந்த தானியம் மூத்திரக் குழாயில் கல்லாக அடைக்கும். மொத்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் 2க்கு 1 என்று இருக்க வேண்டும். புதிருக்குள் போகும் அளவை அன்றாடத் தீவனத்திலிருந்தே கழித்துக்கொள்வது. கூடுதல் கிடையாது.

மார்ச் 24

யோசித்து விட்டவை. டிராம்போலின் என்னும் துள்ளிக் குதிக்கும் மேடை: துணியைக் குளம்பு கிழிக்கும், சுருள் இடுக்கில் கால் போகும். வைக்கோல் வலைப்பை: குதிரைக்குச் சரி, கொம்பும் கால்விரல் இடுக்கும் உள்ள ஆட்டுக்குத் தூக்குக்கயிறு, குட்டி இருக்கும் பட்டியில் நினைக்கவே கூடாது. கண்ணாடி: எதிரே தெரியும் ஆட்டை முட்டும், உடையும். அக்ரிலிக் தகடு என்றாலும் மூலைகளை இறுக்கிச் சட்டம் போட வேண்டும். குழந்தைகளின் மெல்லிய பந்து: கடித்துத் துண்டாக்கி விழுங்கும். பந்து வேண்டுமென்றால் குதிரைகளுக்கு விற்கும் தடித்த பந்து, வாய்க்குள் அடங்காத அளவில்.

மார்ச் 29

ஏற்றப்பலகை, அதாவது சீசா. 2.5 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், அடியில் 15 செ.மீ. தடிக்கட்டை. கட்டை உருளக் கூடாது. இரு பக்கமும் முளை அடித்து, பலகையின் அடியில் இரண்டு சட்டம் வைத்துக் கட்டையைப் பிடித்தாயிற்று. முனைகளுக்குக் கீழே பாதி டயர்த் துண்டு: பலகை தரையில் அறையாது, கீழே நிற்கும் ஆட்டின் குளம்பு நசுங்காது. முதல் சில நாள் ஒரு முனைக்குக் கீழே செங்கல் கொடுத்து அசையாமல் வைப்பது நல்லது. அசையாத பலகையில் நடந்து பழகிய ஆடு, அசையும்போதும் நிற்கும்.

ஏப்ரல் 4

தொங்கவிட்ட மணிச்சரத்தை இப்போது எதுவும் தொடுவதில்லை. இது இயல்பு. தீனி தராத சாமான் சில நாளில் சலித்துப்போகும். மேடையும் பிரஷும் தழைக்கட்டும் சலிப்பதில்லை, அவை உடம்பின் தேவை. ஆகவே நிலையானவை அப்படியே இருக்க, சில்லறைச் சாமான்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து வாரம் ஒன்றாக மாற்றுவது. இன்று மணிச்சரம் வெளியே, பந்து உள்ளே. வெளியே எடுத்ததைக் கழுவி, விரிசல் பார்த்து, பட்டிக்கு அப்பால் கண்ணில் படாமல் வைக்க வேண்டும். இடத்தை மாற்றினாலே பாதி புதுசாகிவிடும். தழைக்கட்டைப் பலகைக்கு நேர் மேலே மாட்டியதும் கிடா தானாகவே நடுப்பலகையில் ஏறி நின்றது.

ஏப்ரல் 11

இரவு மழை. காலையில் சோதனை: பிரஷ் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது, இறுக்கியாயிற்று. குழாய்க்குள் ஈரம் ஏறிய தீவனக் குச்சி மாவாகிப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. பூஞ்சைத் தீவனம் ஒரு பிடியானாலும் ஆபத்து. கொட்டி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறது. மழை நாளில் குழாயைக் கூரைக்கு அடியில் மாட்டுவதற்கு ஒரு கொக்கி தனியாக அடிக்க வேண்டும், 70 செ.மீ. உயரத்திலேயே.