கார்கானோ மலைக் குகையில் காவல் சம்மனசு

இத்தாலியின் வரைபடத்தைப் பூட்ஸ் காலணியாகக் கொண்டால், குதிகாலுக்குச் சற்று மேலே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முள் கார்கானோ மலைப்பகுதியாகும். மன்ஃப்ரெடோனியா என்னும் கடற்கரை நகரத்திலிருந்து புறப்படும் பேருந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ள மோந்தே சாந்த் ஆஞ்செலோ ஊரில் நம்மை இறக்கிவிடுகிறது. வானதூதர்களின் தலைவரான புனித மிக்கேல் அதிதூதரின் திருத்தலம் இங்கேதான் உள்ளது. மலையேறி வந்தவர்கள் அவரைக் காண மீண்டும் கீழே இறங்க வேண்டும். ஏனெனில் கோயில் பாறைக்குள் அமைந்த ஒரு குகை, அதற்கு 86 படிகள்.

தலவரலாறு 490-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. காணாமற்போன தன் காளையைக் குகை வாசலில் கண்ட செல்வந்தர் ஒருவர் சினந்து அம்பு எய்ய, அது திரும்பி வந்து அவர்மீதே பாய்ந்ததாம். செய்தியறிந்து திகைத்த, அருகிலிருந்த சிப்போந்தோ நகரின் ஆயர் மூன்று நாள் நோன்பு அறிவித்தார். அதன் முடிவில் மிக்கேல் அதிதூதர் காட்சி தந்து, அக்குகை தமக்குரியது என்றாராம். பின்னர் ஆயர் அதை அபிஷேகம் செய்ய வந்தபோது, அதைத் தாமே முடித்துவிட்டதாகவும் அதிதூதர் தெரிவித்தாராம். மனிதக் கை அபிஷேகம் செய்யாத கோயில் என்ற பெருமை அதனால் வந்தது. யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த, இத்தாலியை ஒரு காலத்தில் ஆண்ட லொம்பார்டியர் காலத்து இடங்களுள் இதுவும் ஒன்று.

மிக்கேல் அதிதூதரை நான் அறிந்தது பிறகுதான். முதலில் அறிந்தது, ஒவ்வொருவரையும் உடனிருந்து காக்கும் வானதூதரான காவல் சம்மனசை. உடைந்த மரப்பாலத்தில் இரண்டு குழந்தைகள் நடக்க, பின்னால் சிறகு விரித்த தூதர் கைநீட்டி நிற்கும் படம், பல கத்தோலிக்க வீடுகளைப் போல எங்கள் வீட்டுச் சுவரிலும் இருந்தது. இரவு செபம் முடிந்ததும் பாயின் ஓரமாக ஒதுங்கிப் படுப்பேன், மறுபாதி சம்மனசுக்கு. அம்மா அதைப் பார்த்துச் சிரித்ததில்லை, தலையணையைச் சற்று நகர்த்தி வைப்பார். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 2 அன்று, காவல் தூதர் திருநாள் பூசைக்கு என்னை எழுப்ப வேண்டிய தேவையே இருந்ததில்லை.

அந்த நம்பிக்கை 2004 டிசம்பர் 26 அன்று ஆட்டங்கண்டது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் ஆழிப்பேரலையில் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை என்பதைப் புதுமை என்று பலர் போற்றினார்கள். எனக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இல்லை, கூசச் செய்தது. கோயிலுக்குள் இருந்தவர்களின் சம்மனசு விழித்திருந்ததென்றால், கடலோரத்தில் நின்ற பிள்ளைகளின் சம்மனசு எங்கே போயிருந்தது? இக்கேள்வியைக் கேட்ட இடங்களில் எல்லாம் “இறைவனின் திட்டம்” என்ற ஒரே பதில்தான் வந்தது.

குகைக்கோயிலின் வாசலில் உள்ள வெண்கலக் கதவுகளின் முன் நெடுநேரம் நின்றதற்கு இந்தப் பழைய கேள்வியே காரணம். 1076-இல் கான்ஸ்டான்டிநோபிளில் செய்யப்பட்டு வந்த கதவுகள் அவை. அவற்றைக் கொடையளித்த பந்தலேயோனே என்பவர், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்று கதவிலேயே எழுதிவைத்திருக்கிறார். உபயதாரர்களின் கவலை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும். தூதர்கள் தோன்றும் நிகழ்ச்சிகள் கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, பேதுருவைத் தூதர் சிறையிலிருந்து விடுவிப்பது.

விவிலியத்தில், லூக்கா எழுதிய திருத்தூதர் பணிகள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி அது. காவல் தூதர் நம்பிக்கைக்கு அடிக்கடி காட்டப்படும் சான்றும் அங்கேதான் உள்ளது: விடுதலையான பேதுரு கதவைத் தட்டும்போது, உள்ளிருந்தவர்கள் அது அவருடைய வானதூதராக இருக்கும் என்கிறார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், யோவானின் சகோதரரான யாக்கோபை ஏரோது அரசன் வாளால் கொன்றான் என்று ஒரே வரியில் சொல்லப்படுகிறது. யாக்கோபின் சிறைக்குத் தூதர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று லூக்கா விளக்கவும் இல்லை. எனக்குக் கிடைத்த பதில்களைவிட அந்த மௌனம் நேர்மையானதாகப் பட்டது. இரண்டையும் அருகருகே எழுதிவைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதை மறைக்காமல் விட்டவர் அவர்.

உள்ளே ஈரம் கசியும் பாறைக்கூரை, அதன் கீழ் 1507-இல் அந்திரேயா சன்சொவினோ வடித்த பளிங்குச் சிலை. வாளோங்கிச் சாத்தானை மிதித்து நிற்கும் மிக்கேலுக்குச் சிறுவனுடைய முகம். என்னை அதிகம் ஈர்த்தவை படிகளிலும் சுவர்களிலும் உள்ள கீறல்கள்தாம்: பழங்காலத் திருப்பயணிகள் தங்கள் உள்ளங்கையையும் பாதத்தையும் கல்லில் வைத்து, சுற்றி வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வடக்கே இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் தங்கள் பெயர்களையும் பொறித்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் அவர்களுள் எத்தனை பேர் கொள்ளையராலும் காய்ச்சலாலும் இறந்தார்களோ! ஆயினும் தாங்கள் இங்கே வந்துசேர்ந்ததை மட்டும் அவர்கள் உறுதியாகக் கல்லில் பதிந்திருக்கிறார்கள். ஒரு கீறலின் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். அந்தக் கை என் கையைவிடச் சிறியது.

இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ. 1968-இல் இறந்த துறவி புனித பாத்ரே பியோ வாழ்ந்த ஊர். தம்மிடம் வர இயலாதவர்கள் தங்கள் காவல் தூதரை அனுப்பினால் போதும் என்று அவர் சொல்வாராம். அம்மா அதை அப்படியே நம்பியவர். என்னால் அவ்வாறு நம்ப இயலவில்லை. நம்புவதாகப் பாவனை செய்யவும் மனம் வரவில்லை. அங்குள்ள கோயிலில், அந்த ஞாயிற்றுக்கிழமை கடலில் மாண்டவர்களுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளும்படி பூசைக் கருத்துக் கொடுத்தேன். பெயரைக் கேட்டார்கள். எல்லாருக்கும் என்றேன், அவ்வாறே எழுதிக்கொண்டார்கள்.