சங்கத்துக்கு எதற்கு வரி?

ஆசிரியர் சங்கங்களின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டதில்லை. ஒரு பாட ஆசிரியர் மன்றம் வந்தது, அவர்கள் சொல்லி இன்னொரு சங்கம் வந்தது, அப்படியே சேர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், நாங்க சந்தா வாங்கிச் சங்கம் நடத்துறோம். லாபம்னு ஒண்ணு கிடையாது. எங்களுக்கு எதுக்கு வரி?"

இந்தக் கேள்வி பெரும்பாலும் வங்கியில் பிறக்கிறது. பல வருடமாகச் சேர்ந்த பணத்தை வைப்புத்தொகையாகப் போட்டிருப்பார்கள். வட்டி ஓர் அளவைத் தாண்டியதும் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி, பிடித்துவிடும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பாஸ்புக்கில் அதைப் பார்த்த பொருளாளர் பதறிக்கொண்டு வருவார். சில சங்கங்களில் கதை இன்னும் சுவாரசியம். சங்கத்துக்கென்று பான் அட்டையே இருக்காது. தலைவரும் பொருளாளரும் தங்கள் பெயரில் கூட்டாகப் போட்ட வைப்புத்தொகைதான் சங்கத்தின் மொத்தச் சொத்து. வட்டி முழுக்கத் தலைவரின் வரிக்கணக்கில், 26ஏஎஸ் அறிக்கையில் போய் உட்கார்ந்திருக்கும். அவரோ தலைமையாசிரியர், சம்பளத்துக்கே கணிசமாக வரி கட்டுகிறவர். நல்ல மனிதர் என்றால் சங்கத்தின் வட்டிக்கும் சேர்த்துச் சத்தமில்லாமல் கட்டிவிடுவார். அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டால்தான் பொதுக்குழுவில் பேச்சு வரும்.

"லாபம் இல்லை" என்ற பதிலை வருமான வரிச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. இந்த வேலை யாருக்காக நடக்கிறது, உறுப்பினர்களுக்கா, பொதுமக்களுக்கா என்றுதான் அது கேட்கிறது. ஆசிரியர் சங்கங்களின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. ஏனென்றால் அவர்கள் உண்மையாகவே இரண்டையும் செய்கிறார்கள்.

அடுத்த பதில் தயாராக இருக்கும்: "நாங்கதான் பதிவு பண்ணியிருக்கோமே சார்." தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளர் கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அது சங்கம் என்று ஒன்று இருப்பதற்கான சான்று, அவ்வளவுதான். வரி விலக்கு கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நான் முதலில் கேட்டு வாங்குவது துணை விதிகளை. வரவு செலவுக் கணக்கு அப்புறம். துணை விதியில் நோக்கங்கள் என்ற பகுதி எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பணிப் பாதுகாப்பு, ஊதிய முரண்பாடு களைதல், பதவி உயர்வுக் கோரிக்கைகள், உறுப்பினர் இறந்தால் குடும்ப நல நிதி என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில், இடம் மிச்சம் இருந்ததால் சேர்த்தது போல, "மாணவர்களிடையே பாட ஆர்வத்தை வளர்த்தல்" என்று ஒரு வரி. அதே சங்கத்தின் செயலரிடம் கடந்த ஆண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் திறனறித் தேர்வு, கிராமப் பள்ளிகளுக்குப் பயிற்சிக் கையேடு, விடுமுறையில் ஆசிரியர் பயிலரங்கம் என்று வரிசையாகச் சொல்வார். செய்வது ஒன்று, எழுதி வைத்திருப்பது வேறொன்று. வரி விலக்குக்கான பதிவு கேட்டுப் போனால் அதிகாரி முதலில் கையில் எடுப்பது எழுதி வைத்ததைத்தான்.

சட்டத்தில் மூன்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. தொழில்முறைச் சங்கங்களுக்கென்றே 10(23ஏ) என்று ஒரு பிரிவு உண்டு. சட்டம், மருத்துவம், கணக்கியல், பொறியியல், கட்டடக்கலை ஆகிய தொழில்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. மத்திய அரசு அறிவிக்கும் பிற தொழில்களும் சேரலாம். ஆசிரியப் பணியின் பெயர் பிரிவில் இல்லை. ஆடிட்டர் இருக்கிறார், ஆடிட்டருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. இதைச் சொன்னால் ஆசிரியர்கள் சிரிப்பார்கள், கொஞ்சம் கோபமும் வரும். அந்தப் பிரிவுகூட வைப்புத்தொகை வட்டிக்கு விலக்கு தராது என்பதால் பெரிய இழப்பு இல்லை என்று சமாதானம் சொல்வேன்.

இன்னொன்று 10(24). தொழிற்சங்கமாகவே பதிவான அமைப்புக்கு வாடகையும் வட்டி போன்ற பிற வருமானமும் வரியில்லாதவை. கோரிக்கைகளுக்காக நடக்கும் சங்கங்களுக்குப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் என்னிடம் வந்தவை எல்லாமே சங்கப் பதிவுச் சட்டத்தில் இருப்பவை. அதோடு ஆசிரியரைத் தொழிலாளி என்று சொல்லலாமா என்ற பழைய வழக்கு வேறு. தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சுந்தராம்பாள் வழக்கில் சொன்னது. அது வேறு சட்டம், வேறு வரையறை என்று வாதாட இடமுண்டு. வாதாடுவதற்கான செலவைச் சிறு சங்கம் எங்கிருந்து எடுக்கும்?

மூன்றாவது, சட்டத்தில் தனிப் பிரிவாக இல்லாமல் நீதிமன்றங்கள் வழியாக நிலைத்த கொள்கை. உறுப்பினர்கள் தங்களுக்குள் பணம் போட்டுத் தங்களுக்கே செலவழித்துக்கொண்டால் அது வருமானமே இல்லை. யாரும் தன்னிடமிருந்தே சம்பாதிக்க முடியாது. சந்தாவுக்கு வரி வராததற்கு இதுதான் காரணம். ஆனால் அந்தச் சந்தா மிச்சத்தை வங்கியில் போட்டதும் கொள்கை அறுந்துவிடுகிறது. 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில், வைப்புத்தொகை வாங்கிய வங்கிகளே கிளப்பின் உறுப்பினர்களாக இருந்தும், வட்டிக்கு வரி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். தவிர, தொழில்முறைச் சங்கம் உறுப்பினருக்குக் குறிப்பிட்ட சேவை செய்து கட்டணம் வாங்கினால் 28(iii) பிரிவு அதை வியாபார வருமானம் என்கிறது. அதே பிரிவில் வரும் சங்கங்களுக்குச் சந்தா போதாமல் துண்டு விழுந்தால் 44ஏ பிரிவு கொஞ்சம் கைகொடுக்கும். இதை யாரும் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை.

கடைசியாகத்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் 12ஏபி, அறநோக்க அமைப்புகளுக்கு வரி விலக்குத் தரும் பதிவு. அறநோக்கம் என்றால் என்ன என்பதற்கு 2(15) பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்றவை, அப்புறம் பொதுப் பயன்பாடு. "ஆசிரியர் சங்கம், அப்போ கல்விதானே சார்?" என்பார்கள். கல்வி என்றால் முறையான பள்ளிக் கல்வி என்று 1975-லேயே லோக சிக்ஷணா அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் குறுக்கிவிட்டது. கல்வி நிறுவனங்கள் கல்வியை மட்டுமே நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்று 2022-இல் நியூ நோபிள் வழக்கில் இன்னும் இறுக்கினார்கள். ஆக, ஆசிரியர்களுக்குப் பயிலரங்கம் நடத்தும் மன்றம் பெரும்பாலும் பொதுப் பயன்பாடு என்ற தலைப்பில்தான் போய் நிற்கும். அங்கே ஒரு வரம்பு: கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகம் போன்ற வேலைகளின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. திறனறித் தேர்வுக் கட்டணம், மாநாட்டு மலரில் நோட்ஸ் பதிப்பகங்கள் கொடுக்கும் விளம்பரம், கையேடு விற்பனை எல்லாம் அந்த 20-க்குள் வருமா என்பது பேச்சாகிவிடும். தேர்வுக்கு ஆயிரக்கணக்கில் மாணவர்கள் சேரும் வருடம் சங்கத்துக்குக் கொண்டாட்டம், எனக்குக் கவலை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிவம் 10ஏ-யில் 3 ஆண்டுத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். ஏற்கெனவே இயங்குகிறவர்கள் 10ஏபி-யில் நேரடியாக நிரந்தரப் பதிவு கேட்கலாம். நிரந்தரம் என்ற பெயர்தானே தவிர ஆயுள் 5 ஆண்டுதான். சிறிய அமைப்புகளுக்கு 2025-இல் அதை 10 ஆண்டாக்கினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. நான் பழைய எண்களிலேயே எழுதுகிறேன். சங்கக் கோப்புகள் அந்த எண்களில்தான் இருக்கின்றன.

பதிவு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இனிப்பு கொடுத்துவிட்டுப் போவார்கள். உண்மையில் அன்றுதான் பொருளாளரின் நிம்மதி போகிறது. வரவில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மாநாடு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. இடைப்பட்ட வருடத்தில் பணம் சேரும். எதற்காகச் சேர்க்கிறோம் என்று தீர்மானம் போட்டுப் படிவம் 10 தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம். மறந்தால் மாநாட்டுப் பணத்துக்கே வரி. சேர்த்ததை 11(5) பிரிவு சொல்லும் இடங்களில்தான் வைக்கலாம். சீட்டுப் போட முடியாது. உறுப்பினர்களுக்குப் பண்டிகை முன்பணம் கொடுத்து வட்டி வாங்கும் பழக்கமும் நிற்க வேண்டும். இதைச் சொல்லும்போது அறையில் ஒரு மௌனம் வரும்.

மாநாட்டுச் செலவுக் கோப்பை ஒருமுறையாவது எல்லா நிர்வாகிகளும் பார்க்க வேண்டும். மண்டப வாடகை காசோலை, சரி. மேடை, ஒலிபெருக்கி, பந்தல் எல்லாம் ரொக்கம். சாப்பாட்டுக்கு ஒரு கோடு போட்ட நோட்டுத் தாள்: "சமையல் வகையறா, ரூ. 85,000 பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கையெழுத்து, அதன் மேல் ரெவின்யூ ஸ்டாம்பு. அந்தத் தாளில் தேதிகூட இருக்காது. "சமையல் மாஸ்டர் பேங்க் எல்லாம் வேணாம்னுட்டார் சார்" என்பார் வரவேற்புக் குழுத் தலைவர். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகக் கணக்கில் ஏறாது. இருநூறு பேர் வயிறாரச் சாப்பிட்டது உண்மை. சட்டத்தின் கணக்கில் அந்த 85,000 செலவாகவே இல்லை. தேதியில்லாத விடைத்தாளை வாங்கவே மாட்டார்கள் இவர்கள், ரசீதில் மட்டும் எப்படி விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி மீதும் பலருக்கு ஓர் ஆசை. "சந்தாவுக்கு 80ஜி ரசீது போடலாமா சார்?" போடக்கூடாது. சந்தா உறுப்பினர் உரிமைக்காகக் கொடுப்பது, நன்கொடை வேறு. நன்கொடையாகவே கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக இருந்தால் கழிவு கிடையாது, ஒவ்வொரு மே 31-க்குள்ளும் நன்கொடையாளர் பட்டியலைப் படிவம் 10பிடி-யில் ஏற்ற வேண்டும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். இத்தனைக்குப் பிறகும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த ஆசிரியருக்கு 80ஜி-யால் ஒரு பைசா பயனில்லை. வெளியிலிருந்து, குறிப்பாக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் எதிர்பார்க்கும் மன்றத்துக்குத்தான் 12ஏபி-யும் 80ஜி-யும் கட்டாயத் தேவை.

அதனால் பாதிச் சங்கங்களிடம் நான் விண்ணப்பிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். என் தொழிலுக்கு இது நல்லதல்ல என்று வீட்டில் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கத்துக்குத் தனிமனிதர் போலவே அடுக்கு முறையில் வரி. புதிய முறையில் 2025-26 முதல் 4 லட்சம் வரை வரியே இல்லை. (பதிவு செய்யாத, உறுப்பினர் பங்கு வரையறுக்காத அமைப்புக்கு உச்ச விகிதம் பாயும், பதிவின் உண்மையான லாபம் இதுதான்.) வட்டியாக ஆண்டுக்கு எழுபது எண்பதாயிரம் வரும் வட்டாரச் சங்கத்துக்கு எந்த விலக்கும் வேண்டாம். சங்கத்தின் பெயரில் பான் எடுத்து, வைப்புத்தொகையைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றி, ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15ஜி படிவத்தைக் கொடுத்தால் போதும். பிடித்துவிட்டார்கள் என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். 12ஏபி பதிவு வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் தணிக்கை அறிக்கை, ஐடிஆர்-7 என்ற வரிக்கணக்குப் படிவம், தீர்மானங்கள் என்று ஓடுவதற்கு ஆகும் செலவு, மிச்சமாகும் வரியைவிட அதிகம்.

இதற்கு அவ்வளவு எளிதில் உடன்படமாட்டார்கள். பக்கத்து மாவட்டச் சங்கம் வாங்கிவிட்டது என்பது ஒரு காரணம். லெட்டர் பேடில் அச்சிட ஒரு எண் கிடைக்கும் என்பது சொல்லப்படாத காரணம்.

இரண்டு வேலையையும் பெரிய அளவில் செய்த ஒரு பாட ஆசிரியர் மன்றம் கடைசியில் இரண்டாகப் பிரிந்துகொண்டது. திறனறித் தேர்வும் கையேடும் பயிலரங்கமும் புதிய அமைப்புக்குப் போயின. அதன் துணை விதியில் உறுப்பினர் நலன் என்ற சொல்லே வராமல் எழுதினோம். கோரிக்கைகளும் குடும்ப நல நிதியும் பழைய சங்கத்திலேயே நின்றன. குடும்ப நல நிதியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணியிலிருக்கும்போது இறந்தவரின் வீட்டுக்கு அரசின் பணம் வருவதற்குள் முதலில் போய்ச் சேருவது அந்தத் தொகைதான். சட்டம் அதை அறம் என்று ஏற்காமல் போகலாம், அது சட்டத்தின் பார்வை. வைப்புத்தொகையில் எவ்வளவு எந்தப் பக்கம் என்பதைப் பேசி முடிக்க ஒரு மாலை போதுமானதாக இருந்தது. புதிய அமைப்புக்கு யார் தலைவர் என்பதில்தான் மாதக்கணக்கில் இழுத்தது. இப்போது பழைய சங்கத்தின் பொருளாளர் ஏப்ரல் பிறந்ததும் 15ஜி-யோடு வங்கிக்குப் போகிறார். போகவில்லை என்றால் நான் போன் செய்கிறேன்.