லிங்கன் குரல் ஒருவழியாகச் சரியாகிவிட்டது

மூன்று வாரமாகப் படுத்திய சிக்கல் நேற்று இரவு தீர்ந்தது. அமெரிக்க அதிபர்களைச் சினிமா எப்படிக் காட்டியது என்று, படம் வந்த ஆண்டு வரிசையில் காட்சிகளை வெட்டி ஒட்டி வருகிறேன் அல்லவா, அதில் லிங்கன் பகுதி. 1930இல் கிரிஃபித் படத்தின் வால்டர் ஹூஸ்டன், 1939இல் ஜான் ஃபோர்டின் ‘யங் மிஸ்டர் லிங்கன்’ படத்தில் ஹென்றி ஃபோண்டா, 2012இல் ஸ்பீல்பெர்க் படத்தின் டேனியல் டே-லூயிஸ். லிங்கனின் பேச்சை நேரில் கேட்டவர்கள் அது கீச்சுக்குரல் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். டே-லூயிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். குரல் மாறுவதைக் காதால் கேட்க வைப்பதுதான் இந்தப் பகுதியின் உயிர்.

ஆனால் என் எடிட்டிங் டைம்லைனில் ஃபோண்டாவும் மெலிந்து கேட்டார். ஈக்வலைசரில் திருகினேன், இரைச்சலைக் குறைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கையில் இருந்தது ஐரோப்பியப் பதிப்பு டிவிடி. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அதில் 25இல் ஓட்டுகிறார்கள், வேகம் 4 விழுக்காடு கூடுகிறது, சுருதியும் கூடவே ஏறிவிடுகிறது! ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில், வேகத்தை மட்டும் மாற்றும் டெம்போ கட்டளையைத் தொடாதீர்கள், அதில் சுருதி இறங்காது, நான் இரண்டு இரவு அதில்தான் இழந்தேன். வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையில் மைனஸ் 4 கொடுத்ததும் மனிதர் தன் குரலில் பேசினார். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன்.

பழைய டிவிடி வாங்குபவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 100 நிமிடப் படத்துக்கு 96 என்று போட்டிருந்தால் இதே கதைதான். எனக்கு விற்றவர் இதைச் சொல்லவே இல்லை, கோபம் இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் நிக்சன். 1976இன் ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ அவரைத் தொலைக்காட்சிப் பதிவுகளில் மட்டும் காட்டியது. 1995இல் ஆலிவர் ஸ்டோன் மூன்று மணி நேரம் ஆண்டனி ஹாப்கின்ஸின் முகத்தருகே உட்கார்ந்துவிட்டார். அதற்கு டிஸ்க் வாங்கி வைத்தாயிற்று.

அதற்கு முன் ரூஸ்வெல்ட் முடிய வேண்டும். 1942இன் ‘யாங்கி டூடுல் டேண்டி’யில், அவர் பதவியில் இருந்த காலம், கேமரா முதுகுப் பக்கமே நின்றுவிடுகிறது. அந்த முதுகிலிருந்து 1964இன் ‘ஃபெயில் சேஃப்’ படத்துக்கு, அதே ஃபோண்டா அதிபராக மாஸ்கோவுக்குத் தொலைபேசியில் பேசும் சின்ன அறைக்கு, வெட்டிப் போகப் பார்க்கிறேன். வெட்டு இன்னும் உட்காரவில்லை.